கருவி யாருக்குச் சொந்தம்?

சென்ற மாதம் ஒரு நாள் மாலை. திருவண்ணாமலையில் நமது அலுவலகத்துக்கு ஒரு தாயும் மகளும் வந்தனர். தாய் விவசாயத் தொழிலாளி. நடவுக்கும் களையெடுப்புக்கும் போகிறவர். மகள் சர்க்கார் கல்லூரியில் பட்டம் முடித்தவள். அவள் கையில் ஒரு பென்டிரைவ் இருந்தது.

"தோழரே, தோடு அடகுக்குப் போயி ஆறு மாசம் ஆச்சு. அந்தப் பணத்துலதான் பாப்பா கம்ப்யூட்டர் படிச்சிச்சி. இப்ப அது செஞ்சத அதாலயே திறந்து பாக்க முடியலயாம். இத யாருகிட்ட போயி கேக்கறது?" என்றார் தாய்.

விசாரித்தோம். நகரத்திலுள்ள ஒரு தனியார் பயிற்சி நிலையத்தில் அந்தப் பெண் சேர்ந்திருக்கிறாள். கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்கும், கம்ப்யூட்டருக்குள் கட்டப்படும் கற்பனை உலகங்களுக்கும் வேண்டிய பொருள்களை உருவாக்கும் வேலை அது. ஆறு மாதத்தில் அவள் நமது தீபத் திருவிழாவின் மகா ரதத்தைக் கம்ப்யூட்டரில் கட்டி முடித்தாள். சக்கரம், வடம், தேர்ச்சீலை எல்லாம் அவள் கைவேலை. பயிற்சி முடிந்தது, நிலையத்தின் கதவு மூடியது. ரதம் பென்டிரைவில் இருக்கிறது. ஆனால் அதைச் செய்த மென்பொருள் இருந்தால்தான் திறக்கும். அந்த மென்பொருளோ விலைக்குக் கிடையாது. வாடகைக்கு மட்டும்தான்! வேலை கேட்டுப் போகும் இடத்தில் காட்டுவதற்கு அவளிடம் ஒன்றுமில்லை.

மண்வெட்டியை ஆண்டையிடம் திருப்பிக் கொடுத்ததும் நாம் வெட்டிய வாய்க்காலும் மறைந்து போகும் என்றால், அதை எந்தத் தொழிலாளியாவது ஒப்புவானா? இங்கே நடந்திருப்பது அதுதான்.

மில் தொழிலாளியின் மகனும், வயல் தொழிலாளியின் மகளும் இன்று இந்தத் தொழிலைத் தேடிப் போகிறார்கள். அவர்கள் கையில் எந்தக் கருவியைக் கொடுப்பது என்ற கேள்விக்கு வியாபாரிகளே பதில் சொல்லிக் கொண்டிருக்கிறார்கள். நாமும் பதில் சொல்ல வேண்டிய காலம் வந்துவிட்டது.

இது என்ன வேலை?

2003-ல் அமெரிக்காவில் லிண்டன் லேப் என்ற கம்பெனி 'செகண்ட் லைஃப்' என்றொரு கற்பனை உலகைத் திறந்தது. கம்ப்யூட்டர் வழியாக அதற்குள் போகலாம், நடக்கலாம், பேசலாம். அங்கே வீடு, மரம், நாற்காலி, உடுத்தும் சட்டை எல்லாம் உண்டு. அவற்றில் பெரும்பாலானவற்றை அங்கே வந்துபோகும் ஜனங்களே செய்தனர். முதலில் அந்த உலகத்துக்குள் கிடைத்த கட்டைகளையும் உருளைகளையும் வைத்துத்தான் கட்ட முடிந்தது. 2011-ல் வெளியே வேறு மென்பொருளில் செய்த உருவங்களையும் உள்ளே கொண்டுவரலாம் என்றாயிற்று. எந்த மென்பொருளில் செய்வது என்ற கேள்வி அதோடு பெரிதாயிற்று. அதற்குப் பின் குழந்தைகள் விளையாடும் 'ரோப்ளாக்ஸ்', கண்ணில் மாட்டிக் கொண்டு பார்க்கும் கருவிகள், சினிமா, கம்ப்யூட்டர் விளையாட்டு என்று இந்த வேலை எங்கும் பரவிவிட்டது.

வேலையின் நுணுக்கத்தைப் புரிந்துகொள்வது கடினமல்ல. திருவிழாவுக்கு மூங்கில் பிளாச்சால் பொம்மை கட்டுகிறவரைப் பார்த்திருப்பீர்கள். முதலில் கூடு, அதன்மேல் காகிதம், அதன்மேல் வண்ணம். கம்ப்யூட்டரிலும் அப்படியே. புள்ளிகளை வைத்து, கோடுகளால் இணைத்து, முக்கோணங்களாலும் நாற்கோணங்களாலும் மூடி, அதன்மேல் வண்ணப்படத்தைப் போர்த்துகிறார்கள். 

நமது அண்ணாமலையார் கோயில் ராஜகோபுரம் 217 அடி, பதினொரு நிலை. இதைக் கம்ப்யூட்டரில் கட்டுகிறவர் பதினொரு நிலைகளையும் தனித்தனியாகக் கட்டுவதில்லை. ஒரு நிலையைச் செய்து, அதையே சிறிது சிறிதாகக் குறுக்கி மேலே மேலே அடுக்கும்படி கட்டளையிடுகிறார். கீழ்நிலையில் ஒரு தூணைத் திருத்தினால் பதினொன்றிலும் திருந்தும். ஆனால் கற்பனை உலகத்தில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கண்ணில் மாட்டும் கருவி ஒரு விநாடிக்கு எழுபது, தொண்ணூறு தடவை படத்தை வரைய வேண்டும். கோபுரத்துச் சிலை ஒவ்வொன்றையும் லட்சம் முக்கோணங்களால் செதுக்கினால் கருவி திணறி நின்றுவிடும். எதைச் செதுக்குவது, எதை வெறும் படமாக ஒட்டுவது என்று தீர்மானிப்பதில்தான் கைகாரரின் திறமை இருக்கிறது.

இந்தத் திறமை கையிலும் கண்ணிலும் இருக்கிறது. எந்த மென்பொருளானாலும் புள்ளி புள்ளிதான், கோடு கோடுதான். திறமை தொழிலாளியுடையது. சரி, உளி யாருடையது?

மாயாவும் மாயமும்

இந்தத் தொழிலில் பெயர் பெற்ற இரண்டு உளிகள் 'மாயா', '3டிஎஸ் மேக்ஸ்'. இரண்டும் இன்று ஆட்டோடெஸ்க் என்ற ஒரே அமெரிக்கக் கம்பெனிக்குச் சொந்தம். மேக்ஸ் முன்பே அவர்கள் கையில் இருந்தது. மாயாவை வைத்திருந்த ஏலியஸ் கம்பெனியை வாங்குவதாக 2005-ல் அறிவித்தார்கள். பேசிய விலை 18 கோடியே 20 லட்சம் டாலர். மூன்றாவதாக 'சாஃப்டிமேஜ்' என்று ஒன்று இருந்தது. 1993-ல் வெளிவந்த 'ஜுராசிக் பார்க்' படத்தின் ராட்சசப் பல்லிகளை நடமாட வைத்த கருவி அது. 2008-ல் அதையும் வாங்குவதாக அறிவித்து, வாங்கினார்கள்.

பிறகு என்ன நடந்தது? 2014-ல் சாஃப்டிமேஜுக்கு இனிப் புதிய பதிப்பு கிடையாது என்று அறிவித்துவிட்டார்கள். பத்து வருஷம், பதினைந்து வருஷம் அதையே கற்றுக் கைதேர்ந்தவர்கள் நடுத்தெருவில் நின்றார்கள். தறியை வாங்கிப் பூட்டிவிட்டு, நெசவாளியைப் பார்த்து வேறு தறிக்குப் போ என்பது போன்றதுதான் இது. போட்டிதான் முதலாளித்துவத்தின் உயிர்நாடி என்று பேசும் கனவான்கள் இந்தக் கதையைச் சற்று நினைத்துப் பார்க்கட்டும்!

அத்தோடு முடிந்ததா? 2016-லிருந்து புதிதாக வருவோருக்குச் சொந்தமாக விற்பதையும் நிறுத்திவிட்டார்கள். இனி சந்தாதான், அதாவது வாடகை. சந்தா கட்டும்வரை கருவி வேலை செய்யும். நிறுத்தினால் கருவியும் நின்றுவிடும். மாயாவின் வருஷ சந்தா அமெரிக்க விலைப்படி 1,800 டாலருக்கு மேல். டாலருக்கு 85 ரூபாய் என்று வைத்தாலும் ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்தைத் தாண்டுகிறது. 2025-26-ல் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைக்கு நிர்ணயித்த நாட்கூலி 336 ரூபாய். அந்தத் தாய் நாநூற்று ஐம்பது நாளுக்கு மேல் மண் சுமந்து, ஒரு காசும் செலவழிக்காமல் சேர்த்தால் ஒரு வருஷ வாடகை ஆகும். வருஷத்துக்கோ 365 நாள்தான்!

நியாயத்தையும் சொல்லிவிடுவோம். மாணவர்களுக்கு அந்தக் கம்பெனி இலவசமாகத் தருகிறது. ஆனால் மாணவராக இருக்கும்வரைதான். அதை வைத்துக் கூலிவேலை செய்யவும் கூடாது. வரும்படி குறைந்தவர்களுக்கு வாடகையைக் குறைத்தும் தருகிறது. அதையும் ஒவ்வொரு வருஷமும் கட்டியாக வேண்டும். பழகும் வரை இலவசம், பிழைப்புக்கு வந்தால் வாடகை. இதன் சூட்சுமம் புரிய மெட்ரிகுலேஷன் கூடத் தேவையில்லை.

'ஸ்கெட்ச்அப்' என்ற இன்னொரு கருவியின் கதையும் படிப்பினை தருவது. பழக எளியது, கட்டடம் வரைய நல்லது. 2006-ல் கூகிள் அதை வாங்கி, ஒரு பதிப்பை இலவசமாக வழங்கிற்று. உலகெங்கும் ஜனங்கள் தங்கள் ஊர்க் கட்டடங்களை அதில் செய்து கூகிளின் உலகப் படத்தில் வைத்தனர். 2012-ல் கூகிள் அதை டிரிம்பிள் கம்பெனிக்கு விற்றது. கம்ப்யூட்டரில் ஏற்றிக் கொள்ளும் இலவசப் பதிப்பு 2017-ஆம் ஆண்டுப் பதிப்போடு நின்றது. 2020-ல் சொந்தமாக விற்பதும் நின்று வாடகை முறை வந்தது. ஒரு கம்பெனி தானே இலவசமாகத் தருவதை அதுவே நாளை திரும்ப எடுத்துக் கொள்ளலாம். தருமத்துக்கும் உரிமைக்கும் உள்ள வேற்றுமை இதுவே.

ஊர்ப் பொது ஏரி

இந்த வாடகைக் கருவிகளுக்கு எதிரே ஒரு கருவி இருக்கிறது. அதன் பெயர் 'பிளெண்டர்'.

இதன் வரலாற்றை ஒவ்வொரு தொழிலாளியும் தெரிந்துகொள்ள வேண்டும். ஹாலந்து நாட்டைச் சேர்ந்த டோன் ரோசெண்டால் என்பவர் தமது தொழிற்கூடத்துக்காக 1990-களில் இதை உருவாக்கினார். 1998-ல் இதை வைத்து ஒரு கம்பெனி தொடங்கினார். முதல் போட்டவர்கள் வந்தார்கள்; எதிர்பார்த்த லாபம் வரவில்லை; 2002-ல் மூடிவிட்டார்கள். பயன்படுத்தப் பலர் இருந்தும், நல்ல கருவி ஒன்று கடன்காரரின் அலமாரியில் தூங்க வேண்டியதாயிற்று.

அப்போது ரோசெண்டால் முதல் போட்டவர்களிடம் ஒரு பேரம் பேசினார். ஒரு லட்சம் யூரோ கொடுத்தால் இதைப் பொதுவுடைமையாக விட்டுவிட ஒப்புகிறீர்களா? ஒப்பினார்கள். 2002 ஜூலையில் உலகெங்கும் உள்ள ஜனங்களிடம் நிதி கேட்டார். ஏழே வாரத்தில் தொகை சேர்ந்தது! அதே ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி பிளெண்டரின் மூலநிரல் முழுவதும் பகிரங்கமாக வெளியிடப்பட்டது.

வெளியிட்டதோடு ஒரு பூட்டும் போட்டார்கள். திருட்டைத் தடுக்கும் பூட்டு அது. ஜி.பி.எல். என்று அதற்குப் பெயர். யார் வேண்டுமானாலும் பயன்படுத்தலாம், பிரித்துப் பார்க்கலாம், திருத்தலாம், விற்கவும் செய்யலாம். ஆனால் திருத்தியதைப் பிறருக்குக் கொடுக்கும்போது, மூலநிரலையும் இதே உரிமைகளையும் சேர்த்துக் கொடுத்தாக வேண்டும்.

நமது ஜில்லா ஏரிகளின் ஜில்லா. நமக்கு இது புதிய சங்கதியல்ல. ஊர் ஏரியில் தண்ணீர் பாய்ச்சலாம், தூர் வாரலாம், கரையை உயர்த்தலாம், ஆனால் யாரும் பட்டா போட்டுக் கொள்ளக் கூடாது. குடிமராமத்து செய்து ஊரார் காத்த ஏரி எப்படியோ, அப்படித்தான் பிளெண்டரும். முக்கியமான இன்னொரு விஷயம்: அதில் நீங்கள் செய்த பொருள் முழுக்க உங்களுடையது. ஏரி பொதுவானாலும் விளைந்த நெல் உழுதவனுக்கே.

"இலவசக் கருவியில் உயர்ந்த வேலை நடக்குமா?" என்று பயிற்சி நிலையத்தார் கேட்கிறார்கள். 2025 மார்ச்சில் அமெரிக்காவின் ஆஸ்கார் பரிசு, முழுநீளச் சித்திரப் படத்துக்கான பிரிவில் 'ஃப்ளோ' என்ற படத்துக்குக் கிடைத்தது. வெள்ளத்தில் தப்பிப் பிழைக்கும் ஒரு பூனையின் கதை. ஒரு வார்த்தை பேச்சும் கிடையாது. பிரெஞ்சு, பெல்ஜியத் தொழிற்கூடங்களின் கூட்டுறவோடு லாத்வியா நாட்டினர் எடுத்தார்கள். லாத்வியாவின் ஜனத்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு. நமது திருவண்ணாமலை ஜில்லாவோ 2011 கணக்கின்படியே 24 லட்சத்துக்கு மேல்! நமது ஜில்லாவைவிடச் சிறிய நாடு, பிளெண்டரில் செய்த படத்தைக் கொண்டு, பெரும் ஹாலிவுட் கம்பெனிகளின் படங்களைத் தோற்கடித்தது. இதற்கு மேலும் சாட்சி வேண்டுமா?

ஆட்சேபனைகளுக்குப் பதில்

முதல் ஆட்சேபனை: "பெரிய கம்பெனிகள் மாயா தெரிந்தவர்களைத்தான் கேட்கின்றன." உண்மைதான், மறைக்க வேண்டியதில்லை. பெரிய சினிமாத் தொழிற்கூடங்களில் மாயாவே இன்னும் பெரும்பாலும் ஓடுகிறது. ஆனால் அங்கே வேலைக்குச் சேர்ந்தால் கருவிக்குச் சந்தா கட்டுவது முதலாளி. ஒரு லாரியில் பழகியவன் இன்னொரு லாரியையும் ஓட்டுவான். விசைகள் இடம் மாறும், சாலை மாறாது. வேலைக்குப் போகும் முன்பே தாயின் தோட்டை அடகு வைத்து முதலாளியின் கருவிக்குப் பழக வேண்டுமா என்பதே கேள்வி. கோப்பைக் காட்டித்தான் வேலை கேட்க வேண்டும். எப்போதும் திறக்கும் கருவியில் செய்த கோப்பே கைகொடுக்கும்.

இரண்டாவது: "எங்களிடம் பழைய மடிக்கணினிதானே இருக்கிறது?" பிளெண்டரின் புதிய பதிப்புகளுக்குக் குறைந்தது 8 ஜி.பி. நினைவகம் வேண்டும். சர்க்கார் முன்பு கொடுத்த பழைய மடிக்கணினிகளில் அது ஓடாது. ஆனால் 2017-ல் வந்த 2.79 என்ற பதிப்பு 2 ஜி.பி.யிலும் ஓடும், அது இன்றும் பிளெண்டர் தளத்தில் கிடைக்கிறது. பழசை ஒழித்துப் புதுசை விற்கும் அவசியம் அங்கே இல்லாததால் பழசும் இருக்கிறது. 2019-ல் வந்த 2.80-லிருந்து பொத்தான்களின் இடமும் தோற்றமும் மாறின என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாவது: "பிளெண்டருக்கும் பெரிய கம்பெனிகள் பணம் தருகின்றனவே?" ஆம், தருகின்றன. எபிக் என்ற விளையாட்டுக் கம்பெனி 2019-ல் 12 லட்சம் டாலர் தருவதாக அறிவித்தது. தங்களுக்கும் ஒரு பொதுக்கருவி வேண்டும் என்பதால் தருகிறார்கள். பணம் கொடுத்தவரைப் பற்றி உஷாராக இருப்பது நல்லதே. ஆனால் பணம் கொடுத்தாலும் பட்டா கிடைக்காது. அதற்குத்தான் அந்தப் பூட்டு.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எல்லா வேலைக்கும் ஒரே கருவி என்பது சரியல்ல. லேத்தில் கடைய வேண்டிய உதிரிப்பாகத்தை அளவு பிசகாமல் வரைய விரும்பும் ஆலைத் தொழிலாளிக்கு பிளெண்டர் ஏற்றதல்ல. அதற்கு 'ஃப்ரீகேட்' என்ற இன்னொரு பொதுக்கருவி உண்டு. கற்பனை உலகத்துப் பொருள்களுக்கு மட்டுமே பிளெண்டரைச் சொல்கிறோம்.

கருவி மட்டும் போதுமா?

போதாது. இதைத் திட்டவட்டமாகச் சொல்ல வேண்டும்.

நமக்குப் பக்கத்துப் பாண்டிச்சேரியில் தொடங்கும் 'லைஃப் ஆஃப் பை' கதையைப் படமாக எடுத்தார்கள். அதன் புலியைக் கம்ப்யூட்டரில் பெரும்பாலும் உருவாக்கியது ரிதம் அண்ட் ஹியூஸ் என்ற தொழிற்கூடம். அந்த வேலைக்கு 2013 பிப்ரவரியில் ஆஸ்கார் பரிசு கிடைத்தது. பரிசு கிடைப்பதற்குச் சில நாள் முன்புதான் அந்தத் தொழிற்கூடம் திவால் மனுப் போட்டிருந்தது! பரிசு மண்டபத்துக்கு வெளியே அந்தத் தொழிலின் தொழிலாளர் நூற்றுக்கணக்கானோர் ஆர்ப்பாட்டம் செய்து நின்றனர். 2025 பிப்ரவரியில் பாரிஸைத் தலைமையகமாகக் கொண்ட டெக்னிகலர் குழுமம் சரிந்தபோது, பெங்களூரில் மட்டும் சுமார் 3,000 பேர் வேலை இழந்தனர். புலியைச் செய்த கையானாலும் சங்கம் இல்லாத கை வெறுங்கைதான்.

கற்பனை உலகத்துச் சந்தையும் அப்படியே. ரோப்ளாக்ஸில் ஆடுவோர் 'ரோபக்ஸ்' என்ற அதன் நாணயத்தைப் பணம் கொடுத்து வாங்குகிறார்கள். 2021-ல் 80 ரோபக்ஸ் வாங்க ஏறக்குறைய ஒரு டாலர் ஆயிற்று. அந்தக் கணக்கில் ஒரு லட்சம் ரோபக்ஸுக்கு 1,200 டாலருக்கு மேல் ஆகும். பொருளைச் செய்து சம்பாதித்தவர் அதே ஒரு லட்சத்தைத் திருப்பிக் கொடுத்தால் கிடைத்தது 350 டாலர்! மரக்காலில் ஒன்று வாங்க, ஒன்று விற்க என்று இரண்டு வைத்திருக்கும் நெல் வியாபாரியை நாம் பார்த்ததில்லையா?

கருவி நம்முடையதாவது முதல் படி. கூலி நியாயமாவது அடுத்த படி. முதல் படியில் ஏறாமல் அடுத்ததற்குப் போக முடியாது.

என்ன செய்ய வேண்டும்?

சர்க்காருக்கு: 2025-ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டத்தில் 20 லட்சம் கல்லூரி மாணவருக்கு மடிக்கணினி அல்லது கைக்கணினி தருவதாகத் தமிழக சர்க்கார் அறிவித்தது. மடிக்கணினி ஒவ்வொன்றிலும் பிளெண்டரைப் போட்டுக் கொடுங்கள். செலவு ஒரு பைசா இல்லை. தமிழில் பாடம் எழுதச் செய்யுங்கள். கேரளத்தில் 2018-ல் தொடங்கிய 'லிட்டில் கைட்ஸ்' திட்டத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்கே பிளெண்டர் கற்றுத் தருகிறார்கள். அங்கே முடிவது இங்கே ஏன் முடியாது? கட்டணம் வாங்கும் பயிற்சி நிலையங்கள், மாணவர் செய்த வேலையைப் பொது வடிவத்தில் கையில் கொடுத்தே அனுப்ப வேண்டும் என்று விதி செய்யுங்கள்.

பெற்றோருக்கு: பணம் கட்டும் முன் மூன்று கேள்வி கேளுங்கள். எந்த மென்பொருள்? பயிற்சி முடிந்தபின் அது எங்கள் வீட்டில் ஓடுமா? பிள்ளை செய்ததை எந்த வடிவத்தில் தருவீர்கள்? மூன்றுக்கும் நேரான பதில் வராவிட்டால் திரும்பி வந்துவிடுங்கள்.

பிள்ளைகளுக்கு: ஒவ்வொரு வாரமும் உங்கள் வேலையை 'ஓ.பி.ஜே.' அல்லது 'ஜி.எல்.டி.எஃப்.' என்ற பொது வடிவத்திலும் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். வேறு வேறு மென்பொருள்களிலும் அவை திறக்கும்.

அந்தப் பெண்ணின் கதை என்னவாயிற்று என்று கேட்பீர்கள். அவளைப் போல இன்னும் மூவர் இருந்தனர். நால்வரின் பெற்றோரையும் சேர்த்துக் கொண்டு பயிற்சி நிலையத்துக்குப் போனோம். முதலில் முடியாது என்றார்கள். வாசலிலேயே உட்கார்ந்தோம். மாலையில் ஒரு மணி நேரம் கம்ப்யூட்டரைத் திறந்துவிட்டார்கள். நால்வரின் வேலையும் பொது வடிவத்தில் வெளியே வந்தது. வண்ணங்கள் போயின, சக்கரம் சுழலும்படி செய்திருந்த அமைப்பும் போயிற்று, உருவம் மட்டும் மீண்டது. இப்போது அவள் பிளெண்டரில் ரதத்துக்கு மறுபடி வண்ணம் பூசிக் கொண்டிருக்கிறாள். இனி அதை யாரும் பூட்ட முடியாது.

தோடு இன்னும் அடகுக் கடையில்தான் இருக்கிறது.